நாலாவது மூலை

போன மாதம் மூன்று இளம் உத்தியோகத்தர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். தேநீர் குடித்து முடியும்வரை மரியாதையாக இருந்துவிட்டு, ஒருவர் தம் மனக்குறையைச் சொன்னார்.

"ஐயா, வேலையில்லாத பொடியன்மாரைச் சேர்த்து மாசக்கணக்கில தொழில் பழக்கிறம். கையில தொழில் வந்த உடனே அரபு நாட்டுக்குப் போயிடுறாங்க. ஊருக்கு எண்டு ஒருத்தனும் மிஞ்சிறான் இல்ல. உங்கட காலத்தில இப்பிடி இருந்திருக்காதுதானே?"

இருந்தது என்றேன். இப்போது விமானம் ஏறுகிறார்கள், அப்போது தோணி ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதை எழுதித் தரும்படி கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் சேவையின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரீட்சை எழுதினேன், எடுபட்டேன். ஒரு பயிற்சி நிலையத்தில் சில மாதம் கோழி வளர்ப்பது, கூட்டம் நடத்துவது, கூட்ட அறிக்கை எழுதுவது ஆகியவற்றைப் படிப்பித்தார்கள். கோழியைப் பற்றிப் படித்தது ஒருநாளும் உதவவில்லை. கூட்ட அறிக்கை கடைசி நாள்வரை உதவியது. ஐம்பதுகளின் கடைசியில் மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சில கிராமங்களை என் பொறுப்பில் விட்டார்கள். சைக்கிளைத் தோணியில் ஏற்றி அக்கரை போய், அங்கிருந்து மிதிக்க வேண்டும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் இராசநாயகம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிறில் காற்சட்டை, முழங்கை வரை மடித்த சட்டை, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். கிராமத்துக்கு வந்தால் கதிரை போட்டாலும் உட்கார மாட்டார். முதலில் பெயரும் வேலையும் பதியும் இடாப்பைக் கேட்பார். நின்றபடியே கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசிப்பார். பொய் எழுதுகிறவன் முதல் பக்கத்தைக் கவனமாக எழுதுவான், கடைசியில் களைத்துப் போவான் என்பது அவர் கணக்கு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை கண்டால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடுவார். பெரிய பிழை என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் "பேசவும்" என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அறுபதுகளில் திணைக்களம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊருக்குத் தேவையான கட்டடத்தை ஊரே கூலி வாங்காமல் சிரமதானமாகக் கட்ட வேண்டும். சாமான்களை அரசாங்கம் தரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சனம் வந்து மண் வெட்டும், கல் சுமக்கும். எட்டாம் வகுப்போ எஸ்.எஸ்.சி.யோ படித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டு, சந்திக் கடையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் மற்ற நாட்களிலும் வந்து ஒரு தேர்ந்த மேசனிடம் கட்டட வேலை பழகுவார்கள். கட்டடம் எழும்பி முடியும்போது அவர்களுக்குத் திணைக்களம் ஒரு கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் உள்ளவர் கிராமச் சபை வேலைகளைத் தன் பெயரில் எடுத்துச் செய்யலாம். அது இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கூலியாள்தான். கடிதத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஊர் அபிவிருத்திச் சங்கத் தலைவருடையது, மற்றது இராசநாயகம் ஐயாவினுடையது.

மண்டூருக்குப் போகிற பக்கத்தில் ஒரு ஊரை முதலில் எடுத்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே சங்கத் தலைவர் கோயில் வண்ணக்கர். கோயிலின் சாவியும் கணக்கும் கொடியேற்றும் அவர் கையில். ஆகவே ஊரும் அவர் கையில்தான். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுகிறவர். எனக்கு முன்னிருந்தவர் ஒரு பெட்டிசத்தால்தான் மன்னாருக்கு மாற்றலாகிப் போனார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

பழக்குவதற்குக் காத்தான்குடியிலிருந்து மேசன் ஆதம்லெவ்வையைக் கூட்டிப்போனேன்; அண்ணன் முறை வைத்து எல்லோரும் அவரைக் காக்கா என்போம். ஒல்லி உடம்பு, பேச்சு குறைவு. முதல் நாள் அவர் பொடியன்மாருக்கு மேசன் கரண்டியைக் கொடுக்கவில்லை. இரண்டு குவியல் மணலைக் காட்டி, இரண்டிலும் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைக்கச் சொன்னார். ஒன்று வாவிக்கரை மணல், மற்றது ஆற்று மணல்.

"இது கரிக்கிது காக்கா" என்றான் ஒருவன்.

"கரிக்கிற மணல்ல கட்டின சுவரு மாரிக்கு மாரி அழும். பூச்செல்லாம் உதிரும். நாக்கில வைக்காம ஒரு வண்டில் மணலும் எடுக்கப்படா" என்றார் அவர்.

அடுத்த இரண்டு கிழமை சீமெந்து மூட்டையை அவிழ்க்கவே விடவில்லை. களிமண்ணைக் குழைத்துச் சாந்தாக வைத்து, முழங்கால் உயரம் கட்டச் சொல்வார். பின்னேரம் தானே காலால் தள்ளிவிடுவார். மறுநாள் அதே கல், அதே களி. நேர்ச்சுவர் எழுப்பப் பழகினால் அரை மேசன் என்பது அவர் பேச்சு. மூலை நிறுத்தத் தெரிந்தவன்தான் முழு மேசன். மூலை இரண்டு பக்கமும் நேராக ஏறினால், நடுவில் நூலைக் கட்டி யாரும் கல்லை நிரப்பிவிடலாம். மூலை சரிந்தால் நடுவில் உள்ளவன் எவ்வளவு ஒழுங்காக அடுக்கியும் பலனில்லை.

முதல் அணியில் எட்டுப் பேர். வாசிகசாலை ஒன்று எழும்பியது. எட்டுப் பேரும் கடிதம் வாங்கினார்கள். வண்ணக்கர் மாலை போட்டார், நான் அறிக்கை எழுதினேன். இராசநாயகம் ஐயா அறிக்கையைக் கடைசியிலிருந்து வாசித்து, ஒரு கோடும் போடாமல் தந்தார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அதே ஊரில் மருத்துவிச்சிக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. "முதல் பழகின எட்டுப் பேரையும் கூப்பிடும். அவையளே கட்டட்டும்" என்றார் ஐயா. நான் தேடிப் போனேன். ஊரில் இருந்தது ஒருவன். அவனுக்கும் மறு மாதம் கலியாணம்.

மற்ற ஏழு பேரும் கலியாணம் செய்து போய்விட்டார்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் கலியாணம் கட்டினால் மனைவி வீட்டுக்குப் போவான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் திணைக்களத்துச் சுற்றறிக்கையில் "மணமாகாதவர்களுக்கு முதலிடம்" என்று இருந்தது. குடும்பப் பொறுப்பு இல்லாதவர்கள் ஒழுங்காக வேலைக்கு வருவார்கள் என்று கொழும்பில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நானும் சொன்னபடி மணமாகாதவர்களையே பொறுக்கி எடுத்தேன். கையில் தொழிலுள்ள மாப்பிள்ளை என்றதும் சுற்றுவட்டாரத்தில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்து கொத்திக்கொண்டு போனார்கள். தொழில் பழகாமல் இருந்திருந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஊரில் இருந்திருப்பார்கள்.

ஐயா யாழ்ப்பாணத்தவர், அவருக்குத் தெரியாமல் இருந்தது நியாயம். நான் தன்னாமுனையில் பிறந்து, கலியாணத்தோடு பட்டணத்தில் என் மனைவி வீட்டுக்கு வந்தவன். இந்தக் கட்டுரையை எழுதுகிற மேசையும் அவளுடைய சீதனம். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. சுற்றறிக்கையைக் கையில் எடுத்ததும் ஊரை மறந்துவிட்டேன் போலும்.

"நாம மேசன்மாரப் பழக்கல்ல ஐயா. மாப்பிளமாரப் பழக்கி அனுப்பி இருக்கம்" என்றார் ஆதம்லெவ்வைக் காக்கா.

இரண்டாவது அணிக்கு அந்த ஊரில் பெண் கட்டி வந்து இருப்பவர்களை எடுக்கச் சொன்னார் ஐயா. மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவதாக வண்ணக்கர் தன் தங்கை மகன் சதாசிவத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கலியாணம் ஆகாதவன். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்தாவதாக ஒரு பெண் வந்தாள். பெயர் பாக்கியம், வயது இருபத்திரண்டு இருக்கும். வாசிகசாலை கட்டும்போது சிரமதானத்துக்குத் தண்ணீர் அள்ள வந்தவள். தகப்பன் இல்லை. தாய் நோயாளி. கீழே இரண்டு தங்கைகள். ஆண் சகோதரம் கிடையாது. மற்ற வீடுகளில் தகப்பனோ அண்ணனோ பாடுபட்டுப் பெண்ணுக்கு ஒரு கல்வீட்டைக் கட்டிவைப்பார்கள். இவளுக்குக் கட்ட ஆளில்லை. களிமண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு குடிசை, அதில் தாயும் மூன்று பெண்களும். கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று குடிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"என்னையும் எழுதுங்க ஐயா. நான் பழகி எடுத்தன் எண்டா எங்கட வீட்ட நானே கட்டுவன். கடிதம் கிடைச்சா சபை வேலையும் எடுப்பன். நான் கலியாணம் முடிச்சாலும் இந்த ஊர்லதானே இருக்கப் போறன்" என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னது என் அறிக்கைகள் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது. நான் வண்ணக்கரிடம் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"பொம்பிளப் புள்ள ஆம்பிளைகளோட பலகையில ஏறி நிண்டு கல்லு வைக்கிறதா? அவள் நிறுத்தின மூலைக்குள்ள நாளைக்கு ஆரு குடியிருப்பா? தண்ணி அள்ள வரட்டும், வேணாம் எண்டு சொல்லல்ல. பேர் எழுதினா நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்க மாட்டன்."

ஐயாவிடம் கேட்டேன். "இளைஞர் எண்டுதான் சுற்றறிக்கையில கிடக்கு. பெண்ணை விலக்கச் சொல்லி எங்கேயும் இல்லை. நீர் எழுதலாம்" என்றார். எழுதலாம் என்றார், எழுதும் என்று சொல்லவில்லை. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டி இருந்தது. மன்னாரும் ஞாபகத்தில் இருந்தது. நான் பாக்கியத்தின் பெயரை இடாப்பின் பின்பக்கத்தில் "உதவி — தண்ணீர் அள்ளல்" என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். பழகுவதற்குத் தடையில்லை, கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பினாளோ தெரியாது.

அவள் காலையில் தண்ணீர் அள்ளுவாள், மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், கல்லை நனைத்து வைப்பாள். ஆண்கள் சோற்றுக்குப் போகும் நேரம் களிமண் சாந்தில் மூலை கட்டுவாள். காக்கா தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். பிழை என்றால் சொல்ல மாட்டார். சாப்பிட்டு முடித்து எழும்பிப் போய்க் காலால் தள்ளிவிடுவார். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் எழும்பிப் போனவர் தள்ளவில்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக் குண்டை அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு நான் அங்கே நின்றேன்.

கட்டடம் எழும்பியபோது மூலைக்கு ஒருவராக விட்டார் காக்கா. பெண் கட்டி வந்த மூவரும் மூன்று மூலைகளை ஏற்றினார்கள். சதாசிவத்தின் மூலை நாலாம் வரியிலேயே சரிந்தது. இரண்டு தரம் பிரித்துக் கட்டியும் சரிந்தது. காக்கா என்னைப் பார்த்தார், நான் வாவியைப் பார்த்தேன். அவர் பாக்கியத்தைக் கூப்பிட்டார். வண்ணக்கர் ஒரு கிழமை கோயில் அலுவலாகத் தெற்கே திருக்கோயில் ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்போது நாலு மூலையும் ஒரே உயரத்தில் நின்றன. இடாப்பில் யார் எந்த மூலை கட்டினார் என்று எழுதும் இடத்தில் நான் சதாசிவத்தின் பெயரை எழுதினேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கேள்வி வரும் என்பதுதான் அப்போது என் பயம்.

பரிசோதனைக்கு ஐயா ஜீப்பில் வந்தார். சட்டைப் பையில் நாலு கடிதம், தட்டச்சில் அடித்துத் தயாராக இருந்தது. வண்ணக்கரும் சங்கத்தாரும் ஒரு பக்கம், பழகியவர்கள் ஒரு பக்கம். பாக்கியம் கிணற்றடியில் வாளியோடு நின்றாள். ஐயா இடாப்பைப் பின்பக்கத்திலிருந்து வாசித்தார். பிறகு காக்காவிடம் தூக்குக் குண்டை வாங்கி ஒவ்வொரு மூலையாகப் பிடித்துப் பார்த்தார். நாலாவது மூலையில் நூலைப் பிடித்தபடி அதிக நேரம் நின்றார்.

"நாலுக்குள்ளயும் இதுதான் திறம். ஆர் கட்டினது?"

நான் வாய் திறந்தேன். "சதாசிவம், ஐயா" என்றேன்.

ஐயா அவனைக் கூப்பிட்டார். "தம்பி, மூலையில கல்லு திரும்பிற இடத்தில ஒரு வரிக்கு முழுக்கல்லும் அடுத்த வரிக்குத் துண்டுக்கல்லும் வைச்சிருக்கிறீர். ஏன்?"

சதாசிவம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மாமன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"எனக்குத் தெரியா ஐயா. அது பாக்கியம் மச்சாள் நிறுத்தினது."

கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. ஐயா அவளைக் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலிருந்தே அதே கேள்வியைக் கேட்டார். அவளும் அங்கிருந்தே பதில் சொன்னாள். "மூட்டுக்கு மேல மூட்டு வந்தா சுவர் அதில வெடிக்கும் ஐயா. அதுக்குத்தான் துண்டுக்கல்."

ஐயா மூன்று கடிதங்களை மூவரிடமும் கொடுத்தார். நாலாவதை மடித்துக் கிழித்து ஜீப் சாரதியிடம் கொடுத்தார். இடாப்பின் பின்பக்கத்தில் "தண்ணீர் அள்ளல்" என்ற இடத்துக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டார். "பேசவும்" என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜீப்பில் ஏறும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"பொய்யை நீர் கடைசிப் பக்கத்தில எழுதிப்போட்டீர், ஐசே. நான் அதைத்தான் முதல்ல வாசிக்கிறனான். அந்தப் பிள்ளையின்ர பெயரைச் சரியான இடத்தில எழுதி, தலைவற்ற கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வாரும். வந்தா நானும் வைக்கிறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடச் சேவையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறில்லை. ஆனால் வெட்கத்தால் கையெழுத்து வந்துவிடாது. வண்ணக்கரிடம் மூன்று தரம் போனேன். முதல் தரம் கோபித்தார், இரண்டாம் தரம் வீட்டில் இல்லை என்றார்கள், மூன்றாம் தரம் வீட்டுக்குள் இருந்தபடியே இல்லை என்றார். என்மேல் ஒரு பெட்டிசமும் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குள் வண்ணக்கருக்கு வேறு அவசரம் வந்தது. அவருடைய கடைசி மகளுக்குத் தை மாதம் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வருவதற்கு முன் வீடு எழும்ப வேண்டும், மாரி தொடங்குவதற்கு முன் சுவர் முடிய வேண்டும். காக்கா கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டார். கடிதம் வாங்கிய மூவரும் மாமியாரின் வயல்களில் விதைப்புக்கு இறங்கிவிட்டார்கள். வேளாண்மை வேலை முடியட்டும் என்றார்கள். முதல் அணி எட்டுப் பேரும் எட்டு ஊரில் மாமனார்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சதாசிவத்தால் மூலை நிறுத்த முடியாது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஒருநாள் வண்ணக்கர் பாக்கியத்துக்கு ஆள் அனுப்பினார். அன்று நாலாம் தரமாகக் கேட்டுப் பார்ப்போம் என்று நானும் அங்கே போயிருந்தேன். அவள் வளவு வாசலில் வந்து நின்றாள்.

"புள்ள, நம்மட மகள்ர வீட்டு அலுவல் கிடக்கு. ஒள்ளம் வந்து நிண்டு செய்து தா" என்றார் அவர்.

"தண்ணி அள்ளவா மாமா?"

"என்ன கதைக்கிற? மூலை நிறுத்தத்தான்."

"அப்ப அந்தக் கடிதத்தில மேசன் எண்டு கையெழுத்து வைச்சுத் தாங்க. மறுகா நான் நூல் பிடிக்கிறன். தண்ணி அள்ளத்தான் எண்டா வேற ஆளப் பாருங்க."

வண்ணக்கர் எழும்பிவிட்டார். அவளை ஏசினார், என்னை ஏசினார், ஐயாவை ஏசினார், அரசாங்கத்தையும் விடவில்லை. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளே இருந்து வண்ணக்கரின் மனைவி வந்தாள். வளவு அந்த அம்மாவுடையது, கட்டப்போவது அவவின் மகளுக்கு வீடு. ஒரு சொல்தான் சொன்னாள்: "வைங்க."

அவர் வைத்தார். கடிதம் நான் எழுதிக் கொண்டுபோனது, பேனையும் என்னுடையது. நான் அங்கேயே இடாப்பை விரித்துத் "தண்ணீர் அள்ளல்" என்பதை வெட்டினேன். முன்பக்கத்தில் சதாசிவம் என்று இருந்ததையும் வெட்டி, பாக்கியத்தின் பெயரை எழுதி, இரண்டு வெட்டுக்கும் என் சுருக்கொப்பத்தை வைத்தேன். பாக்கியம் எட்டிப் பார்த்து, என் எழுத்தை விரலால் தொட்டு வாசித்துவிட்டு, மூலை குறிக்க நூலும் முளையும் கேட்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எழுதச் சொன்ன பிள்ளைகள் கேட்பார்கள். எனக்குப் பதவி உயர்வு ஒரு வருடம் பிந்தியது. பெட்டிசத்தாலா, இடாப்பில் வெட்டியதாலா தெரியாது. பாக்கியம் கிராமச் சபையின் மதகுகள் சிலவற்றை எடுத்துக் கட்டினாள். தன் வீட்டை மூன்று வருடத்தில் எழுப்பினாள். பெரிய தங்கை வீட்டையும் அவளே கட்டினாள். ஒரு மாப்பிள்ளை வந்தார், வாகரைப் பக்கத்தவர். அந்த ஊரை விட்டு அவள் போகவில்லை. மூன்றாம் அணிக்கு நான் இரண்டு பெண்களின் பெயரை முன்பக்கத்தில் எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அந்தக் கடிதத்தைக் கொடுத்த நாளைத்தான். அது திணைக்களக் கந்தோரில் பதிவாகி, ஐயாவின் கையெழுத்து விழுந்து வர இரண்டு கிழமை சென்றது. தோணி கடந்து, சைக்கிளை மிதித்து, மத்தியான வெயிலில் வண்ணக்கரின் வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தது. பாக்கியம் மூலையில் குந்தி இருந்து கல் வைத்துக்கொண்டிருந்தாள். சதாசிவம் அவளுக்குச் சாந்து குழைத்து இரும்புத் தாச்சியில் கொடுத்தான்.

உறையை நீட்டி, "கடிதம் வந்திட்டுது" என்றேன். எட்டு மாதம் தண்ணீர் அள்ளி அவள் சம்பாதித்த கடிதம். குதித்து எழும்பி வாங்குவாள் என்று நினைத்துத்தான் அவ்வளவு அவசரமாக மிதித்து வந்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உறையைப் பார்த்தாள். இரண்டு கையும் சாந்து.

"தாச்சியில சாந்து இறுகிப் போயிடும் ஐயா. ஒள்ளம் நில்லுங்க" என்றாள்.

அடுத்த கல்லை எடுத்தாள். நான் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, தாச்சி வெறுமையாகும்வரை வெயிலில் நின்றேன்.